சோதிக்காத மண்ணைக் கையளிக்காதீர்

மலைநாட்டில் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். அதிகாரி வந்து சரிவைப் பார்க்கிறார். மேலே கல் தளர்ந்திருக்கிறதா, மழைநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்க்கிறார். கட்டலாமா கூடாதா என்று எழுதித் தருகிறார். எத்தனையோ உயிர்களை மண்ணுக்குக் கொடுத்த பிறகு, 2011இல் கிடைத்த ஒழுங்கு இது. அதை மதிக்கிறோம். ஆனால் அதே துண்டு நிலத்தில் முன்பு டீசல் தாங்கி இருந்ததா, எண்ணெய்ப் பேரல் அடுக்கிய இடமா, லொறிக்கு எண்ணெய் மாற்றிய இடமா, அந்த மண்ணுக்குள் என்ன இறங்கிக் கிடக்கிறது என்று தோண்டிப் பார்த்துச் சொல்ல யார் வருகிறார்கள்? ஏழு பேர்ச்சோ பத்துப் பேர்ச்சோ கையில் வாங்கும் தோட்டத்துக் குடும்பத்துக்கு உறுதிப் பத்திரத்தோடு மண் சோதனை அறிக்கையும் நீர்ச் சோதனை அறிக்கையும் கொடுக்கும் வழக்கம் எங்கே?

மத்திய சுற்றாடல் அதிகாரசபையை, பெருந்தோட்டக் கம்பனிகளை, பிரதேச சபைகளை, காணி வழங்கும் அமைச்சை இந்தப் பத்தியில் நேராகவே கண்டிக்கிறோம். சட்டம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது, சோதனைக்கூடம் இருக்கிறது. இத்தனையும் இருந்தும் ஊற்றிலிருந்து வரும் தோட்டத்துப் பீலித் தண்ணீர் இந்தச் சட்டத்துக்கும் தீர்ப்புக்கும் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது.

தேயிலைத் தோட்டத்தில் எண்ணெய் எங்கே இருக்கிறது என்று கொழும்பில் இருப்பவர்கள் கேட்கக்கூடும். தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்குப் பின்பக்கம் போய்ப் பார்க்கட்டும். மின்சாரம் நின்றால் கொழுந்து பழுதாகிவிடும் என்பதற்காக எப்போதும் நிரம்பியிருக்கும் ஜெனரேட்டர் தாங்கி அங்கே இருக்கும். லொறிக் கொட்டகையின் தரை கருத்துக் கிடக்கும். பாவித்து ஊற்றிய எண்ணெய் வடிந்தோடிய கான் ஒன்று தேயிலைக்குள் இறங்கியிருக்கும். பழைய கதையோ இதைவிடப் பெரியது. இன்று விறகில் எரியும் உலர்த்திகள் பலவும் ஒரு காலத்தில் உலை எண்ணெயில் எரிந்தவை. 1970களில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறியபோதுதான் தோட்டங்கள் விறகுக்குத் திரும்பின. அதற்கும் முன்னர் எண்ணெய் எஞ்சின்களே உருளைகளைச் சுழற்றின. அந்த எஞ்சின்கள் பழைய இரும்புக்குப் போயிருக்கும். அவற்றுக்கு எண்ணெய் கொடுத்த தாங்கிகளும் குழாய்களும் எத்தனை தோட்டங்களில் தோண்டி எடுக்கப்பட்டன, எத்தனையில் மேலே மண்ணைப் போட்டு மூடப்பட்டன? கம்பனிகள் கணக்குக் காட்ட வேண்டிய முதல் விடயம் இதுதான்.

மலையில் சமதரை அரிது. ஒரு தோட்டத்தில் சமதரை என்று காட்டக்கூடியவை ஸ்டோர் முற்றம், லொறி நின்ற இடம், பழைய களஞ்சியம், பிள்ளைகள் விளையாடும் மைதானம் ஆகியவைதான். 2025 நவம்பரில் டித்வா புயலோடு வந்த மழையில் மலை சரிந்து வீடிழந்தவர்களுக்கு இன்று மாற்று நிலம் தேடப்படுகிறது. சரிவு அபாயம் குறைந்த இடம் வேண்டும் என்று தேடினால் கண்ணில் முதலில் படுவது கைவிடப்பட்ட ஸ்டோர் வளவாகவே இருக்கும். மண்சரிவுக்குப் பயந்து ஓடி வந்தவனை எண்ணெய் ஊறிய தரையில் குடியேற்றுவது நிவாரணம் ஆகாது. சரிவுக்கு ஒரு அறிக்கை கேட்கிற அரசு, அதே நிலத்தில் ஓரிரண்டு துளை போட்டு மண்ணை மணந்து பார்க்கவாவது ஆள் அனுப்ப வேண்டாமா?

மண்ணின் இயல்பும் இங்கே நமக்குச் சாதகமாக இல்லை. தேயிலை மண் புளிப்பு மண். புதைத்த இரும்புத் தாங்கியை அரிக்க அதுவே போதும். அடியில் பழைமையான கடும் பாறை. அதன் மேல் உக்கிய பாறைப் படை. மழைநீர் அந்தப் படையில் இறங்கி, பாறை வெடிப்புகளில் நுழைந்து, சரிவின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. அந்த ஊற்றுக்கு மூங்கிலோ குழாயோ வைத்துப் பீலி ஆக்கிக் குடிக்கிறோம். ஸ்டோர் மேலே, தொழிலாளர் வாழும் லயம் கீழே, பீலி அதற்கும் கீழே என்பது எத்தனையோ தோட்டங்களின் அமைப்பு. மேலே கசிந்தது கீழே வரும் என்பதைச் சொல்ல நிலவியல் பட்டம் தேவையில்லை. மழைக்காலத்தில் அது வேகமாக வரும், கோடையில் செறிவாக வரும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். குழாய் மூட்டில் வினாடிக்கு ஒரு சொட்டு என்றால் யாரும் அதைக் கசிவு என்று மதிக்கமாட்டார்கள். ஒரு நாளைக்கு அது நாலு லீற்றரைத் தாண்டும், ஆண்டுக்கு ஆயிரத்தைந்நூறு லீற்றருக்கு மேல் போகும். பெற்றோலில் நூற்றில் ஒரு பங்கு பென்சீன் என்று வைத்துக்கொண்டால், ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 7 கிராம் பென்சீன் இருக்கும். குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் பென்சீன் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த 7 கிராமும் கரைந்து சேர்ந்தால் ஏழு லட்சம் லீற்றர் தண்ணீரை அந்த வரம்புக்குக் கொண்டுபோகப் போதும். பென்சீன் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாக வகைப்படுத்தப்பட்ட பொருள்.

"தண்ணியில மண்ணெண்ண வாடை அடிக்குதுங்க ஐயா" என்று ஒரு தாய் வந்து சொன்னால், அவளுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "கொதிக்க வச்சிக் குடிம்மா" என்பதாகத்தான் இருக்கும். கிருமிக்கு அது சரியான பதில். எண்ணெய்க்கு அது ஆபத்தான பதில். கொதிக்கும் தண்ணீரிலிருந்து ஆவியாகக் கிளம்புவது, புகைபோக்கி இல்லாத லயக் காம்பராவுக்குள் அந்தத் தாயும் பிள்ளையும் மூச்சாக இழுக்கும் காற்றில் கலக்கிறது. கனமான எண்ணெய் பானையிலேயே தங்குகிறது. குளோரின் போட்டாலும் அது போகாது. வாடை இல்லையென்றால் பயமில்லை என்று நினைப்பதும் தவறு. பென்சீனை நாக்கு கண்டுபிடிக்கும் அளவு, பாதுகாப்பான வரம்பைப் போல ஐம்பது மடங்குக்கும் மேல். வாடையும் சுவையும் தெரியத் தொடங்கும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும்.

இதெல்லாம் மிகைப்படுத்திய அச்சம் என்று சொல்பவர்கள் சுன்னாகத்தைப் பார்க்கட்டும். வலிகாமத்தின் சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே நடந்த அனல் மின் உற்பத்தியின் கழிவு எண்ணெய் நிலத்துக்குள் இறங்கியது. அயலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. தலைமுறை தலைமுறையாகக் கிணற்று நீரையே நம்பி வாழ்ந்த மக்கள் பவுசரில் வந்த தண்ணீருக்காகக் குடத்தோடு காத்து நின்றார்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை கிணறு கிணறாக மாதிரி எடுத்துச் சோதித்தது. குடிநீருக்கான இலங்கைத் தரக் கட்டளை எண்ணெய்க்கும் கிறீசுக்கும் விதித்திருக்கும் வரம்பு லீற்றருக்கு 0.2 மில்லிகிராம். அந்த வரம்பைத் தாண்டிய கிணறுகள் ஏராளமாக இருந்தன. 2015இன் தொடக்கத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் மின் நிலையத்தை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டில் விவகாரம் அடிப்படை உரிமை மனுவாக உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

அந்த வழக்கின் ஒரு பகுதியை மலையகத்தார் குறிப்பாக நினைவில் வைத்திருக்க வேண்டும். வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழு, அபாயகரமான எண்ணெய் மாசு இல்லை என்று கூறியது. நீர் வழங்கல் சபையின் சோதனைகள் இருக்கிறது என்று காட்டின. எந்தக் கிணற்றில், எப்போது, எப்படி, எத்தனை மாதிரி எடுக்கப்பட்டது என்ற கேள்வியே ஊருக்குத் தண்ணீர் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் கேள்வியாக ஆனது. 2019 ஏப்ரல் 4ஆம் திகதி நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பு, நீர் வழங்கல் சபையின் சோதனைகளை ஏற்றுக்கொண்டது. அந்த மின் நிலையத்தை நடத்திய நோர்தர்ன் பவர் கம்பனி நிலத்தடி நீரை மாசுபடுத்தியதற்குப் பொறுப்பு என்று கண்டு, பாதிக்கப்பட்ட மக்களுக்காக 2 கோடி ரூபா செலுத்துமாறு பணித்தது. கண்காணிக்க வேண்டிய அரச அமைப்புகள் கடமையில் தவறியதையும் அது விட்டுவைக்கவில்லை. மாசுபடுத்தியவனே செலவை ஏற்க வேண்டும் என்பதும், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்பதும் இந்த நாட்டின் சட்டமாக அந்தத் தீர்ப்பில் உறுதியாகின.

ஒரு வீட்டுக்கு அதிகபட்சம் 40,000 ரூபா என்ற அளவில்தான் அந்த இழப்பீடு பிரிந்தது. ஒரு கிணற்றின் விலை அதுவா என்று சுன்னாகத்தார் கேட்டால் நம்மிடம் பதில் இல்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு வழக்காவது இருந்தது. கிணறு அவர்களுடையது, வளவு அவர்களுடையது, உறுதி அவர்கள் கையில். என் கிணற்றைக் கெடுத்தாய் என்று நீதிமன்றப் படியேற அவர்களுக்கு ஒரு நிலை இருந்தது.

லயத்தில் வாழ்பவருக்கு அந்த நிலை இல்லை. உலகெங்கும் ஒரு நிலத்தின் மண்ணும் நிலத்தடி நீரும் எப்போது சோதிக்கப்படுகின்றன? நிலம் கைமாறும்போது. வாங்குபவன் தன் பணம் மண்ணாகப் போய்விடக்கூடாது என்று சோதிக்கிறான். கடன் கொடுக்கும் வங்கி சோதிக்கச் சொல்கிறது. எண்ணெய் இருந்தால் விலையைக் குறைக்கிறார்கள், அல்லது துப்புரவு செய்துவிட்டு வா என்கிறார்கள். மலையகத் தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகின. 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கையில் நீண்ட காலக் குத்தகைக்குப் போயின. கொடுத்தவர் யாரோ, எடுத்தவர் யாரோ. அந்தக் கைமாற்றங்களில் ஸ்டோர், தேயிலை, பங்களா, இயந்திரம் எல்லாம் பெறுமதியாகக் கணக்கில் ஏறின. கீழே பீலியில் தண்ணீர் பிடிக்கும் பெண் அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக இருக்கவில்லை. நிலத்தைச் சோதித்துக் கொடு என்று கேட்க அவளிடம் பத்திரம் இல்லை. இருநூறு ஆண்டுகளாக அந்த மண்ணில் பாடுபட்டவர்களுக்கு அந்த மண்ணைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமைகூட இல்லை என்ற அநியாயம் இந்த இடத்தில்தான் அவர்கள் உடம்புக்குள்ளேயே இறங்குகிறது.

இதோடு சேர்த்து இன்னொரு சம்பவத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும். 2015 ஆகஸ்டில் பியகமவில் கொக்கா கோலா கம்பனியின் தொழிற்சாலையிலிருந்து டீசல் கசிந்து களனி ஆற்றில் கலந்தது. கொழும்புப் பகுதியின் நீர் விநியோகம் பாதிக்கப்பட்டது. சுற்றாடல் அதிகாரசபை உடனே அந்தத் தொழிற்சாலையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தை இடைநிறுத்தியது. செய்ய வேண்டியதைத்தான் செய்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் களனி ஆறு எங்கே பிறக்கிறது? சிவனொளிபாத மலையைச் சுற்றிய சரிவுகளில். கெஹெல்கமு ஓயா காசல்ரீ வழியாகவும், மஸ்கெலி ஓயா மவுஸாகலை வழியாகவும், நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவத் தோட்டங்களின் அடிவாரத்தைத் தொட்டுக்கொண்டுதான் இறங்குகின்றன. அம்பத்தளையில் கொழும்புக்காக இறைக்கப்படும் தண்ணீர் அதுவே. கடல் மட்டத்துக்கு அருகில் டீசல் கலந்தால் உரிமம் நிற்கிறது. அதே ஆற்றின் தலைமாட்டில், அதை முதல் குடம் பிடித்துக் குடிப்பவர்களின் ஊற்றில் டீசல் இருக்கிறதா என்று பார்க்க அதே அதிகாரசபை அதே வேகத்தில் மலையேற வேண்டாமா? ஏறவில்லை என்பதுதான் எமது குற்றச்சாட்டு. ஏறினேன் என்றால், எந்தத் தோட்டத்தில், எந்தப் பீலியில், எந்தத் திகதியில், என்ன அளவு கண்டது என்ற தாளை அந்த லயத்துச் சுவரில் ஒட்டட்டும். நாமும் அதை அச்சிடுகிறோம்.

நகரங்களின் நிலையும் வேறல்ல. ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா என்று பிரதான வீதி போகும் இடமெல்லாம் பெற்றோல் செட்கள். வீதியோ மலையின் இடுப்பில் போகிறது. செட்டுக்குக் கீழே வீடுகள், மரக்கறித் தோட்டங்கள், கிணறுகள். கடந்த சில ஆண்டுகளில் எரிபொருள் சந்தை வெளிநாட்டுக் கம்பனிகளுக்குத் திறக்கப்பட்டது. சினோபெக் 2023இல் வந்தது. நாடெங்கும் பல செட்களின் பெயர்ப்பலகை மாறியது. பலகை மாறிய நாளில் அடியில் கிடக்கும் தாங்கிகளும் மண்ணும் சோதிக்கப்பட்டு, பழைய கசிவு யாருடையது, இனி வரும் கசிவு யாருடையது என்று எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த அடிப்படை அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு வரட்டும். இல்லையென்றால் நாளைக்கு ஒரு கிணற்றில் பெற்றோல் வந்தால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் புதியவரைக் காட்டும், புதியவர் பழையவரைக் காட்டுவார், கிணற்றுக்காரர் நீதிமன்ற வாசலில் முதுமை அடைவார்.

அயலில் என்ன நடந்தது என்றும் சொல்கிறோம். 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் வந்தது. பாரத் பெற்றோலியத்தின் நிலத்தடிக் குழாயில் கசிவு. மக்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அமெரிக்காவில் 1984இல் நிலத்தடித் தாங்கிகளுக்கென்று தனிச் சட்ட ஏற்பாடு வந்தது. தேடத் தொடங்கிய பிறகு அங்கே உறுதியான கசிவுகள் ஐந்து லட்சத்துக்கும் மேல். அந்த நாட்டில் தாங்கிகள் அதிகம் என்பது மட்டும் இதற்குக் காரணமில்லை. தேடினார்கள், கிடைத்தது. நாம் தேடாதவரை நம்மிடம் கசிவே இல்லை என்று பேசிக்கொண்டிருக்கலாம்.

எப்படித் தேடுவது என்பதிலும் கண்டிப்பு வேண்டும். சுன்னாகத்தின் பாடம் அதுதான். வழக்கமாகத் தோட்டத்துக்கு வரும் மாதிரிப் போத்தல் கிருமிச் சோதனைக்கானது. அந்தப் போத்தலில் எண்ணெயைத் தேடுவது கண்துடைப்பு. எண்ணெய்க்கும் கிறீசுக்கும் வாயகன்ற கண்ணாடிப் போத்தல் வேண்டும். அமிலம் சேர்த்து, குளிரில் வைத்து, அந்தப் போத்தல் முழுவதையும் சோதனைக்கு எடுக்க வேண்டும். ஏனென்றால் எண்ணெய் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாதியை மட்டும் ஊற்றி அளந்தால் சுவரில் ஒட்டியது கணக்கில் வராது. பென்சீன், டொலுவீன் வகைக்குச் சிறிய கண்ணாடிக் குப்பி. ஒரு காற்றுக் குமிழிகூட இல்லாமல் வாய்வரை நிரப்பி இறுக மூட வேண்டும். குமிழி இருந்தால் ஆவி அதற்குள் போய்விடும், தண்ணீர் சுத்தம் என்று அறிக்கை வரும். பிளாஸ்டிக் போத்தலில் பிடித்து வெயிலில் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போன மாதிரியின் முடிவை எவரும் நம் முன்னால் நீட்டக்கூடாது.

மண்ணுக்கும் ஒழுங்கு உண்டு. தாங்கியிருந்த இடத்தின் மேட்டுப் பக்கத்தில் ஒரு துளை, பள்ளப் பக்கத்தில் பல துளைகள். மேல் மண்ணைச் சுரண்டி எடுத்தால் போதாது, தாங்கியின் அடிமட்டத்துக்கும் கீழே போக வேண்டும். நீர் தட்டினால் அங்கே குழாய் இறக்கிக் கண்காணிப்புக் கிணறு வைக்க வேண்டும். எரிபொருள் நீரைவிட இலேசானது, நீர்மட்டத்தின் மேலே ஏடாகப் படியும். ஆகவே எங்கோ ஆழத்திலிருந்து பம்ப் வைத்து இழுத்த தண்ணீர் அதைக் காட்டாது. தென்மேற்குப் பருவ மழையில் ஒரு முறை, மாசி பங்குனிக் கோடையில் ஒரு முறை என இரண்டு தரம் எடுக்க வேண்டும்.

ஒன்றையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பொய்ப் பீதி நம் மக்களுக்குத்தான் கெடுதல். ஊற்றடியில் தேங்கிய தண்ணீரில் வானவில் நிறத்தில் ஒரு படலம் தெரிந்தால் அது எல்லா வேளையிலும் எண்ணெய் ஆகாது. இரும்பு கலந்த ஊற்றில் வளரும் ஒருவகைக் கிருமியும் அப்படிப் படலம் போடும். ஒரு குச்சியால் கிண்டிப் பாருங்கள். கண்ணாடித் துண்டுபோல் உடைந்து தனித்தனியாக நின்றால் பெரும்பாலும் இரும்புப் படலம். சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்துகொண்டால் எண்ணெய் என்று சந்தேகிக்க வேண்டும். லயத்துப் பிள்ளைகளே இதைச் செய்து பார்த்துத் திகதியோடு எழுதி வைக்கலாம். ஆனால் குச்சி ஆய்வுகூடமாகாது. அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் கடமை சம்பளம் வாங்கும் அதிகாரிகளுடையது.

காரணங்கள் சொல்வார்கள் என்று தெரியும். பிரதேச சபைகள் நெடுங்காலம் சொல்லிவந்த காரணம், தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தரவில்லை என்பது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் இருந்த அந்தத் தடையை 2018இல் நாடாளுமன்றம் திருத்திவிட்டது. அதே ஆண்டுத் தேர்தலுக்கு முன்பாக அம்பகமுவ, நுவரெலியா சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனைச் சபைகள் உருவாகின. தோட்ட மக்களின் வாக்கில்தான் அந்தச் சபைகளின் கதிரைகள் நிற்கின்றன. அந்தச் சபைகளின் கூட்டக் குறிப்பில் மண்ணும் நிலத்தடி நீரும் எத்தனை தரம் வந்திருக்கின்றன என்பதை உறுப்பினர்களே வாக்காளருக்குச் சொல்லட்டும்.

கம்பனிகள் சொல்லும் காரணம் செலவு. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் தேயிலைத் தொழிற்சாலைக்கும் எரிபொருள் நிரப்பு நிலையத்துக்கும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேண்டும். அந்த உரிமம் சுவரில் சட்டமிட்டு மாட்டும் அலங்காரத் தாள் இல்லை. அதன் நிபந்தனையில் தாங்கியின் இறுக்கச் சோதனையும், கீழ்ச்சரிவு ஊற்றின் நீர்ச் சோதனையும் எழுதப்பட வேண்டும், செலவு உரிமம் பெறுபவருடையது. ஏற்றுமதித் தேயிலையில் மருந்தெச்சம் எவ்வளவு என்று வெளிநாட்டு வாங்குபவருக்கு மில்லிகிராம் கணக்கில் சான்றிதழ் காட்டத் தெரிந்த கம்பனிக்கு, அந்தத் தேயிலையைப் பறித்தவளின் குடத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தெரியாது என்றால், தெரியாது என்பதில்லை, தெரிந்துகொள்ள விருப்பமில்லை. ஐரோப்பியனின் கோப்பைக்கு ஒரு நீதி, கொழுந்து எடுப்பவளின் குவளைக்கு வேறு நீதி என்பதை இந்தப் பத்திரிகை ஏற்காது.

முறைப்பாடு வரவில்லை என்பது மூன்றாவது காரணம். இது எல்லாவற்றிலும் வெட்கக்கேடானது. நிர்வாகம் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு, நிர்வாகத்தின் ஸ்டோரில் வேலை செய்துகொண்டு, தொரைக்கு எதிராகத் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போவது எவ்வளவு எளிது என்று அந்த அதிகாரிகள் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும். தொழிற்சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. நாட்சம்பளப் பேச்சில் மேசையைத் தட்டும் தலைவர்கள் பீலித் தண்ணீரின் அறிக்கையையும் அதே மேசையில் கேட்டிருக்க வேண்டும். இனியாவது கேட்கட்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒவ்வொரு பிரஜைக்கும் திறந்திருக்கிறது. ஒரு தாளும் ஒரு கையெழுத்தும் போதும்.

இனி நாம் கேட்பவை. சுற்றாடல் அதிகாரசபை நுவரெலியா மாவட்டத்தில் எரிபொருள் வைத்திருந்த, வைத்திருக்கிற ஒவ்வொரு இடத்தின் பட்டியலையும் முப்பது நாட்களுக்குள் வெளியிட வேண்டும். இயங்கும் ஸ்டோர், மூடிய ஸ்டோர், உல்லாச விடுதியாக மாறிய ஸ்டோர், பெற்றோல் செட், பஸ் டிப்போ எதுவும் விடுபடக்கூடாது. கம்பனிகள் தம் பழைய வரைபடங்களைக் கொடுக்க வேண்டும். ஓய்வுபெற்ற ஸ்டோர் தொழிலாளர்களிடமும் சாரதிகளிடமும் கேட்டால் எந்த இடத்தில் தாங்கி புதைந்திருக்கிறது என்று விரலால் காட்டுவார்கள். அவர்களை அழைத்துக் கேட்க வேண்டும். அந்த இடங்களின் கீழ்ச்சரிவில் உள்ள ஊற்றுகளை நீர் வழங்கல் சபை முதலில் சோதிக்கட்டும், மண்ணையும் நிலத்தடி நீரையும் நீர்வளச் சபை சோதிக்கட்டும். முதல் சுற்று ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் அந்தந்த லயத்திலேயே ஒட்டப்பட வேண்டும். வரம்பைத் தாண்டிய ஊற்று அன்றைக்கே மூடப்பட்டு மாற்றுத் தண்ணீர் வர வேண்டும், பவுசர் கூலி கம்பனியின் கணக்கில்.

காணி வழங்கும் அமைச்சுக்கு ஒரே ஒரு கோரிக்கை. மண், நீர்ச் சோதனை அறிக்கை இல்லாமல் எந்த ஸ்டோர் வளவிலும், எந்த லொறிக் கொட்டகைத் தரையிலும், ஒரு பேர்ச் நிலத்தைக்கூட வீடமைப்புக்கு அளக்கக்கூடாது. ஏற்கெனவே அளந்து கயிறு கட்டியிருந்தால் வேலையை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். அடுத்த பருவ மழை தொடங்குமுன் முதல் பட்டியல் வெளிவராவிட்டால், ஒவ்வொரு பிரதேச சபைக்கும் ஒவ்வொரு கம்பனிக்கும் தகவல் உரிமை விண்ணப்பத்தை நாமே அனுப்புவோம். பதில் தராதவர்களின் பெயரை இதே பக்கத்தில் வாரா வாரம் வெளியிடுவோம்.